மீட்டர் சரி, ஒயர்தான் மாறியிருக்கிறது: பில்லை எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான் விஷயம். பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்று மாடிக் கட்டடம், மாடிப்படிக்குக் கீழே வரிசையாக ஆறு மீட்டர். முதல் மாடியின் பின் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறீர்கள், ஏ.சி. கிடையாது. மீட்டர்களை மாற்றிய பிறகு உங்கள் பில் 500 யூனிட்டைத் தாண்ட ஆரம்பித்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்த மாதத்திலும் குறையவில்லை. ‘மீட்டர் வேகமாக ஓடுகிறது’ என்று மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தீர்கள். அவர்கள் சோதித்துவிட்டு, மீட்டரில் குறை இல்லை என்று பதில் கொடுத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

அவர்கள் கொடுத்த பதில் பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். மீட்டர் நன்றாக ஓடுகிறது, ஆனால் உங்கள் வீட்டுக்காக ஓடவில்லை. ‘மீட்டர் வேகமாக ஓடுகிறது’ என்று எழுதினால் அவர்கள் மீட்டரை மட்டும்தான் பார்ப்பார்கள். இப்போதைய ஸ்டாட்டிக் மீட்டர்கள், அதாவது சுழலும் தகடு இல்லாத மின்னணு மீட்டர்கள், ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது என்ற தரத்தில் வருபவை, சோதித்தால் தேறிவிடும். ஃபைல் மூடப்படும். ‘மீட்டர் இணைப்பு மாறியுள்ளது, என் மீட்டரிலிருந்து வேறு வீட்டுக்கு மின்சாரம் போகிறது’ என்று எழுதினால்தான் ஒருவர் வந்து ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தாக வேண்டும். இந்த விவகாரத்தில் பாதி வேலை புகாரின் முதல் வரியில் இருக்கிறது. நான் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் வீட்டு ஒயரிங் எடுத்துச் செய்பவன். இந்த மாதிரிக் கேஸ்களில் முதல் மனு தப்பான தலைப்பில் போய், அதைத் திருப்புவதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதுவதற்கு முன்னால் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். எதையும் கழற்ற வேண்டியதில்லை, எதையும் தொட வேண்டியதில்லை. முக்கியமாக, மீட்டரின் கீழ் மூடியில் இருக்கும் சீல் பக்கமே கை போகக் கூடாது. ஒயர் மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன் என்று நீங்கள் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள். அது மின்சாரச் சட்டம் 2003-இன் 135-ஆம் பிரிவில், அதாவது மின்திருட்டில், கொண்டுபோய் விட்டுவிடும்.

வீட்டில் மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் மறக்காமல் அதையும் அணையுங்கள். மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடுவதைப் பார்த்துவிட்டு ‘என் வீட்டுக்கு வேறு எங்கிருந்தோ கரண்ட் வருகிறது’ என்று பயந்தவர்கள் உண்டு. கீழே போய் உங்கள் மீட்டரைப் பாருங்கள். முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் செலவாகும் வேகத்துக்கு ஏற்ப அது சிமிட்டும். உங்கள் வீட்டில் எல்லாம் அணைந்திருக்கும்போதும் அது சிமிட்டினால், அந்த மீட்டர் வேறு யாருக்கோ ஓடுகிறது. அடுத்து தலைகீழாக ஒன்று. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாளியில் சுடுதண்ணீர் போடும் ஹீட்டர் ராடை மட்டும் போடுங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், அது சூடானதும் தானாக நின்று நின்று எரியும். ராடு 1000 வாட் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 3200 அல்லது 1600. 3200 என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 53 முறை சிமிட்ட வேண்டும். 1600 என்றால் 27 முறை. ராடு 1500 வாட் என்றால் 3200 மீட்டரில் 80 வரும். ஆறு மீட்டரில் எது அந்தக் கணக்குக்கு வேகம் பிடிக்கிறதோ, அதுதான் உண்மையில் உங்கள் வீட்டு மீட்டர்.

இதை ஃபோனில் வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக இருக்கட்டும்: வீட்டு மெயின் அணைந்திருப்பது, படியிறங்கி வருவது, மீட்டரின் சீரியல் எண், சிமிட்டும் விளக்கு. வீடியோ கோர்ட்டில் செல்லுமா என்ற கவலை இப்போதைக்கு வேண்டாம். பிரிவு அலுவலகத்தில் ஏ.இ.யின் (உதவிப் பொறியாளர்) மேஜையில் வைத்து ஒரு நிமிடம் காட்டினால், அவர் ஒயர்மேனை அனுப்புவதற்கு அது போதும்.

இனி, எது எங்கே மாறியிருக்கிறது என்பது. இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் பணம் திரும்பி வராது. மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு, மீட்டரிலிருந்து வெளியே வந்து உங்கள் வீட்டுக்குப் போகும் ஒயர் கட்டடத்துக்காரரின் பொறுப்பு. குறை இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதைப் பொறுத்து நீங்கள் கேட்க வேண்டிய ஆளே மாறிவிடுவார்.

முதலில் எளிதானது: ஒயர் சரி, கணக்குப் புத்தகம் மாறியிருக்கிறது. ஒரே நாளில் ஆறு மீட்டரை மாற்றிவிட்டு சீரியல் எண்களை எழுதும்போது இரண்டு எண்கள் இடம் மாறிப் பதிவாகிவிடும். உங்கள் இணைப்பு எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மண்டலம், வடசென்னைக்கு 01. அடுத்த மூன்று இலக்கம் பிரிவு அலுவலகம், அதற்கடுத்த மூன்று பகிர்மானம், கடைசியில் வருவதுதான் உங்கள் சர்வீஸ் நம்பர். ஒரே கட்டடத்தில் எல்லாருக்கும் முன்பகுதி அச்சு அசலாக ஒன்றாக இருக்கும், கடைசி ஓரிரு இலக்கம்தான் வேறுபடும். மாறிப் பதிவாவதற்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? மீட்டர் தகட்டில் இருக்கும் சீரியல் எண்ணும் வாரியத்தின் பதிவில் உங்கள் சர்வீஸுக்கு நேராக இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றில்லை என்றால் உங்கள் கேஸ் ஒரே நாளில் பாதி ஜெயித்த மாதிரி.

இரண்டாவது, உங்கள் கட்டடத்தில் நடந்திருக்கும் என்று நான் நினைப்பது: மீட்டரிலிருந்து வெளியே போகும் ஒயர்கள் மாறியிருப்பது. வடசென்னையின் பழைய கட்டடங்களில் மீட்டர் பலகையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மரப்பலகையில் கறுத்துப்போன பழைய மெயின், பெயின்ட்டால் எழுதிய போர்ஷன் நம்பர் பாதி உதிர்ந்து 3-ஆ 8-ஆ என்று தெரியாது, எல்லா ஒயரும் ஒரே நிறம். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும் என்பதால் அடிக்கடி நறுக்கி மறுபடி மாட்டியிருப்பார்கள். மீட்டர் மாற்ற வந்தவர் ஆறு வீட்டு ஒயரையும் கழற்றிவிட்டு அடையாளம் கட்டாமல் மாட்டினால் இரண்டு வீடு மாறிப்போவது கஷ்டமே இல்லை. வீட்டில் விளக்கு எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு மாதம் கழித்து பில்தான் பேசும்.

இங்கே ஒரு கேள்வி முக்கியம். மாற்றியது யார்? மீட்டர் மாற்ற வந்த வாரியத்தின் ஆட்கள் மாட்டும்போது மாறியதா, அல்லது அதே சமயம் வீட்டுக்காரர் பலகையைப் புதுப்பிக்க வைத்த தனியார் எலக்ட்ரீஷியன் மாற்றினாரா? முதலாவது என்றால் வாரியம் திருத்தித் தர வேண்டும். இரண்டாவது என்றால் ‘மீட்டர் வழியாகப் போன யூனிட்டுக்குத்தான் பில் போட்டோம், வெளியே உங்கள் ஒயர் எங்கே போனால் எங்களுக்கு என்ன’ என்று அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதனால் மீட்டர் மாற்றிய தேதியைப் பிடியுங்கள். வாரியத்தின் இணையதளத்தில் இணைப்பு எண்ணைக் கொடுத்தால் பழைய ரீடிங்குகள் வரும். பில் எகிறிய மாதமும் மீட்டர் மாற்றிய மாதமும் ஒன்றாக இருந்து, பக்கத்து வீட்டு பில் அதே மாதத்தில் இறங்கியிருந்தால், அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. மீட்டர் மாற்றிய அறிக்கையின் நகலை அலுவலகத்தில் கொடுக்கத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

மூன்றாவது, நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், பக்கத்து வீட்டோடு கலந்திருப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் எலக்ட்ரீஷியன்களிலேயே பலருக்கு இது பிடிபடுவதில்லை. பழைய சுழலும் தகடு மீட்டர்கள் ஃபேஸில், அதாவது கரண்ட் உள்ளே வரும் ஒயரில், போகும் கரண்டை மட்டும்தான் அளந்தன. அதனால் நியூட்ரலைப் பக்கத்து வீட்டிலிருந்து ‘கடன்’ வாங்கி மாட்டினாலும் பில்லில் தெரியாது. இப்போதைய சிங்கிள் ஃபேஸ் மீட்டர்கள் திருட்டைத் தடுப்பதற்காக ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அளக்கின்றன. எதில் அதிகம் போகிறதோ அதையே கணக்கில் எடுத்துக்கொள்ளும். இப்போது உங்கள் வீட்டில் 2 ஆம்பியர், மேல் வீட்டில் 8 ஆம்பியர் என்று வையுங்கள். ஏதோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் இரண்டு வீட்டு நியூட்ரலும் சேர்ந்திருக்கிறது. திரும்பி வரும் 10 ஆம்பியரும் இரண்டு நியூட்ரல் வழியாக 5, 5 என்று பிரிந்து போகிறது. மேல் வீட்டு மீட்டரில் ஃபேஸ் 8, நியூட்ரல் 5. அது 8 என்று போடும். உங்கள் மீட்டரில் ஃபேஸ் 2, நியூட்ரல் 5. அது 5 என்று போடும். உண்மையில் செலவானது 10, இரண்டு பில்லும் சேர்ந்து 13. மேல் வீட்டுக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவர் திருடவும் இல்லை. உங்கள் பில் மட்டும் இரண்டரை மடங்கு.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மீட்டர் முகப்பில் ‘எர்த்’ என்று எழுதிய இன்னொரு விளக்கு இருக்கும். ஃபேஸும் நியூட்ரலும் ஒத்துப்போகாதபோது அது எரியும். அது எரிந்துகொண்டே இருந்தால் நியூட்ரல் கலப்பு அல்லது எங்கோ எர்த் கசிவு என்று அர்த்தம். டாங் டெஸ்டர் (ஒயரை வளையத்துக்குள் பிடித்து கரண்டை அளக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மீட்டருக்கு வெளியே உங்கள் பக்கத்து மெயினில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து வளையத்துக்குள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். 3 ஆம்பியர் காட்டினால் அந்த 3 ஆம்பியர் உங்களுடையது இல்லை. கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் மாட்டிய நாளிலிருந்து இந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்வெர்ட்டர் மாட்டியவர் பழைய கன்சீல்டு பைப்புக்குள் புது ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, படிக்கட்டு விளக்குக்குப் போகும் நியூட்ரலையே எடுத்து இன்வெர்ட்டருக்குக் கொடுத்திருந்தார். வீட்டுக்கார அக்கா அந்த விளக்கை ‘சாமி விளக்கு மாதிரி எரியுது, நல்லதுதான்னு நினைச்சேன்’ என்றார். ஆர்.சி.சி.பி. (ஃபேஸும் நியூட்ரலும் ஒத்துப்போகாவிட்டால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) மாட்டியிருந்தால் அன்றைக்கே ட்ரிப் ஆகிக் காட்டிக் கொடுத்திருக்கும். சில வீடுகளில் அது அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று கழற்றியே போட்டுவிடுகிறார்கள்.

இந்த மூன்றாவது வகையில் வாரியத்திடம் பணம் கேட்டு அலைவதில் பெரிய பலன் இருக்காது. ஒயரிங் உங்கள் பக்கம், மீட்டர் தன் வடிவமைப்புப்படிதான் ஓடியிருக்கிறது. லைசென்ஸ் உள்ளவரை வைத்து நியூட்ரலைப் பிரித்துவிட்டு நஷ்டத்தை நிறுத்துவதுதான் புத்தி. அதோடு, ‘எர்த்’ விளக்கு எரியும் மீட்டரை மின்திருட்டுத் தடுப்புப் பறக்கும் படை பார்த்தால் கேள்வி வரும். 126-ஆம் பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடு என்று மதிப்பீடு போட்டால் கட்டணம் இரண்டு மடங்கு. அந்த மாதிரி வழக்கை நுகர்வோர் குறைதீர் மன்றம் கையில் எடுக்காது, அதற்கு வேறு மேல்முறையீட்டு வழி.

நாலாவது, பொது லோடு: தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு, கேட் விளக்கு எல்லாம் உங்கள் மீட்டரில் தொங்குவது. வாடகைக் கட்டடங்களில் இதுதான் அதிகம். மோட்டார் போடும் நேரத்தில் உங்கள் மீட்டரைப் போய்ப் பாருங்கள், தெரிந்துவிடும். இதற்கு மின்வாரியம் வேண்டாம், வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்குத் தனி இணைப்பு, தனி கட்டண வீதம் இருக்கிறது. அதன் வீதம் வீட்டு வீதத்தைவிட அதிகம் என்பதால்தான் சில வீட்டுக்காரர்கள் வாங்காமல் யாராவது ஒரு குடித்தனக்காரர் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

சரி, உங்கள் கேஸ் முதல் அல்லது இரண்டாம் வகை என்று சோதனையில் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்குப் போவதற்கு முன் இன்னொரு கதவைத் தட்டுங்கள். உங்கள் ராடு போட்டபோது எந்த மீட்டர் வேகம் பிடித்ததோ, அந்த வீட்டுக் கதவு. ‘அக்கா, உங்க பில்லு இப்ப எவ்ளோ வருது? மீட்டர் மாத்துனதுக்கு அப்புறம் கம்மியாச்சா?’ என்று சாதாரணமாகக் கேளுங்கள். குற்றம் சாட்டுகிற தொனி துளியும் வேண்டாம். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. திடீரென்று பில் குறைந்தால் நம்மில் யார் போய் புகார் கொடுப்போம்? அவர்கள் ஒத்துழைத்தால் இருவரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம், அது ரொம்பப் பலம். ஒத்துழைக்காவிட்டாலும் சோதனை நாளில் அவர்கள் வீட்டு மெயினை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லும் அளவுக்காவது உறவு இருக்க வேண்டும். பில் திருத்தினால் அவர்கள் தலையில் ஒரு தொகை விழும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்து சண்டையாவதைவிட இது மேல்.

நீங்கள் வாடகைக்கு இருப்பதால், இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். மனுவும் அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு போக வேண்டும். அல்லது உங்களுக்கு அதிகாரம் கொடுத்து அவர் ஒரு கடிதம் தர வேண்டும். இதில்தான் பல பேர் முதல் நாளே திரும்பி வருகிறார்கள்.

மனுவில் கதை வேண்டாம். இப்படி எழுதுங்கள்: ‘பொருள்: மீட்டர் இணைப்பு மாறியிருத்தல் – கூட்டுக் கள ஆய்வு மற்றும் பில் திருத்தம் கோருதல். எனது இணைப்பு எண் இது. மீட்டர் சீரியல் எண் இது. இந்தத் தேதியில் மீட்டர் மாற்றப்பட்ட பின், எனது வீட்டின் மெயின் அணைக்கப்பட்டிருக்கும்போதும் மேற்படி மீட்டரில் பயன்பாடு பதிவாகிறது. எனது வீட்டின் பயன்பாடு இந்த வேறொரு இணைப்பு எண்ணுக்குரிய மீட்டரில் பதிவாகிறது. மீட்டரின் துல்லியம் குறித்து எனக்கு ஆட்சேபம் இல்லை. இரு இணைப்புகளையும் ஒரே நேரத்தில், இரு நுகர்வோர் முன்னிலையில் ஆய்வு செய்து, இணைப்பைச் சரிசெய்து, மீட்டர் மாற்றிய நாள் முதல் இரு இணைப்புகளின் பில்களையும் திருத்தித் தரக் கோருகிறேன்.’ துல்லியம் குறித்து ஆட்சேபம் இல்லை என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உங்கள் மனு மறுபடியும் மீட்டர் சோதனைக்கே, அதாவது எம்.ஆர்.டி.க்கே போகும்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட யோசித்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். மின்னகம் 94987 94987-இலும் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கி வையுங்கள். 2021-இல் தொடங்கிய இந்த எண் கரண்ட் போனால் கூப்பிட மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பில், மீட்டர் புகாரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஃபோன் புகாரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஒயர்மேன் வந்து பார்த்துவிட்டு ‘மீட்டர் ஓடுது சார்’ என்று முடித்துவிடும் ஆபத்து அதில் அதிகம். எழுத்தில் இருப்பதற்குத்தான் எழுத்தில் பதில் வரும்.

ஆய்வுக்கு வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். ஒரு வீட்டு மெயினை அணைத்து எந்த மீட்டர் நிற்கிறது என்று பார்ப்பார்கள், அடுத்த வீட்டுக்கும் அதே. முடிந்ததும் இரண்டு மீட்டரின் அன்றைய ரீடிங்கும், எது எதற்கு மாறியிருந்தது என்பதும் எழுதிய குறிப்பில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு நகல் வாங்குங்கள். சில சமயம் அவர்கள் அங்கேயே ஒயரை மாற்றி மாட்டிவிட்டு ‘சரியாயிடுச்சு சார்’ என்று கிளம்பிவிடுவார்கள். அப்படி நடந்தால் இனிமேல் பில் சரியாக வரும், ஆனால் பழைய பணத்துக்கு உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. குறிப்பு எழுதின பிறகு மாற்றுங்கள் என்று பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

பணக் கணக்கு இனி. ‘340 யூனிட் அதிகம் வந்தது, யூனிட்டுக்கு நாலரை ரூபாய் என்று பெருக்கினால் 1530’ என்று கணக்குப் போடாதீர்கள். படிநிலை வீதத்தில் கதை வேறு. 2022 செப்டம்பரில் வந்த வீதத்தை வைத்து ஒரு உதாரணம் (அதன்பின் வீதம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, முறை அதேதான்). உங்கள் உண்மையான பயன்பாடு இரண்டு மாதத்துக்கு 180 யூனிட், உங்களுக்கு வந்த பில் 520 யூனிட். 180 யூனிட்டில் முதல் 100 இலவசம், மீதி 80-க்கு 2.25 வீதம் 180 ரூபாய். 520 யூனிட் என்றால் 500-ஐத் தாண்டிவிட்டதால் 2.25 என்ற சலுகை வீதமே கிடையாது. 101 முதல் 400 வரை 4.50 வீதம் 1350, அடுத்த 100-க்கு 6 ரூபாய் வீதம் 600, கடைசி 20-க்கு 8 ரூபாய் வீதம் 160, மொத்தம் 2110. ஒரு பில்லுக்கு வித்தியாசம் 1930 ரூபாய். வருஷத்துக்கு ஆறு பில். அதனால் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாக, மற்ற மீட்டரின் ரீடிங்கை உங்கள் பெயரில் போட்டு, அந்தந்தக் காலத்து வீதத்தில் மறுபடி கணக்கிடச் சொல்ல வேண்டும். நீங்களே ஒரு தாளில் கணக்குப் போட்டு மனுவோடு இணைத்தால், பார்ப்பவருக்கும் வேலை சுலபம்.

சில இடங்களில் ‘நாலு மாத சராசரி எடுத்துத் திருத்துகிறோம்’ என்பார்கள். அது தமிழ்நாடு மின் வழங்கல் விதித் தொகுப்பு 2004-இல் மீட்டர் பழுதானால் பின்பற்றும் முறை. உங்கள் மீட்டர் பழுதாகவில்லை. உங்கள் வீட்டின் சரியான யூனிட் இன்னொரு மீட்டரில் ஒன்றுவிடாமல் பதிவாகியிருக்கிறது. அப்படியிருக்க சராசரி எதற்கு? உங்களுக்குச் சராசரி லாபமாக வந்தாலொழிய ஒப்புக்கொள்ள வேண்டாம். அதே தொகுப்பின் 12-ஆம் விதி, அதிகமாக வசூலித்ததை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்கிறது. காப்புத்தொகைக்குத் தரும் வட்டி வீதம்தான் இதற்கும். அடுத்த இரண்டு பில்களில் கழிக்கலாம், அப்போதும் மீதி இருந்தால் காசோலையாகத் தர வேண்டும். மனுவில் விதி எண்ணைக் குறிப்பிடுங்கள், வட்டி என்ற வார்த்தையையும் சேர்த்தே கேளுங்கள். கேட்காத வட்டி தானாக வராது.

இதெல்லாம் நடக்கும்வரை பில் கட்டுவதை நிறுத்தாதீர்கள். கோபத்தில் கட்டாமல் விட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். மறுஇணைப்புக் கட்டணம் வேறு. மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு ஒரு வழி தருகிறது. கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாத சராசரியையோ, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்தினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. ஆன்லைனில் அப்படிக் குறைத்துக் கட்ட முடியாது, அலுவலகத்தில் கடிதம் கொடுத்துத்தான் கட்ட முடியும். உங்கள் தொகை தாங்கக்கூடியதாக இருந்தால் முழுசாகக் கட்டிவிட்டு ‘ஆட்சேபத்துடன் செலுத்தியுள்ளேன்’ என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்து வைப்பதுதான் என் சிபாரிசு. அலைச்சல் குறைவு.

ஏ.இ. மட்டத்தில் நகராவிட்டால் மேலே ஏ.இ.இ. (உதவிச் செயற்பொறியாளர்), கோட்டச் செயற்பொறியாளர். அதற்கும் மேலே வட்ட அளவில் நுகர்வோர் குறைதீர் மன்றம். உங்களுக்கு அது சென்னை வடக்கு மின் பகிர்மான வட்டத்தில். வக்கீல் தேவையில்லை. முன்பு கொடுத்த மனு, முத்திரை, வீடியோ, ரீடிங் பட்டியல், கணக்குத் தாள், இவை போதும். மன்றத்தின் உத்தரவு திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மின்குறை தீர்ப்பாளரிடம் போகலாம். அவர் அலுவலகம் கிண்டியில் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கும் கட்டடத்திலேயே இருக்கிறது. சட்டத்தில் இந்த இரண்டு படியும் 42-ஆம் பிரிவில் வருகின்றன. என் அனுபவத்தில் மாறிய மீட்டர் விவகாரம் அவ்வளவு தூரம் போவது அபூர்வம். கூட்டு ஆய்வுக் குறிப்பு கையில் இருந்தால் ஏ.இ.இ. அளவிலேயே முடிந்துவிடும். குறிப்பு இல்லாமல் போகிறவர்கள்தான் மன்றத்தில் ‘அன்றைக்கு மாறியிருந்ததா இல்லையா’ என்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு வருடக் காலவரம்பு அங்கே உண்டு. ஆனால் முதலில் குறைதீர் மன்றத்தையே பாருங்கள், ஒயரிங் புரிந்த ஆட்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

உங்களுக்குத் திருப்பித் தரும் தொகையை வாரியம் பக்கத்து வீட்டு இணைப்பில் குறைவசூல் என்று போடும். அந்த அக்கா உங்களிடம்தான் வந்து கேட்பார், அதனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாக்கி முதலில் கேட்கத்தக்கதான நாளிலிருந்து இரண்டு வருஷம் கடந்துவிட்டால், இடையில் தொடர்ந்து பாக்கி என்று காட்டி வந்திருந்தாலொழிய, அதை வசூலிக்க முடியாது, இணைப்பையும் துண்டிக்க முடியாது என்று மின்சாரச் சட்டத்தின் 56(2) சொல்கிறது. ஆனால் 2020-இல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், தவறான வீதத்தில் பில் போட்டுவிட்டுப் பின்னால் கண்டுபிடித்த விஷயத்தில், உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது: தவறுதலாக விட்டுப்போன தொகையை இரண்டு வருடத்துக்குப் பிறகும் கேட்கலாம், ஆனால் அதற்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அதனால் ‘பழைய பாக்கி செல்லாது’ என்று யாராவது அவர்களுக்குத் தைரியம் சொன்னால் முழுசாக நம்ப வேண்டாம். ஒரேயடியாகக் கட்ட முடியாது என்றால் தவணை கேட்டு அவர்களும் ஒரு மனு கொடுக்கட்டும். அவர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள். அதனால் வீட்டுக்காரர் இந்த மனுவில் கையெழுத்துப் போடத் தயங்கினால், காரணம் இதுவாக இருக்கலாம். அவரிடமும் ஒளிக்காமல் பேசிவிடுங்கள்.

ஒயரைச் சரிசெய்த அன்று இரண்டு மீட்டர் ரீடிங்கையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த கணக்கெடுப்பில் பழைய யூனிட்டும் புது யூனிட்டும் ஒரே பில்லில் கலந்து வரும், பிரித்துப் பார்க்க அந்த ஃபோட்டோ தேவைப்படும். மீட்டருக்குக் கீழே ஒவ்வொரு ஒயரிலும் போர்ஷன் நம்பர் எழுதிய டேக் கட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அடுத்து ஸ்மார்ட் மீட்டர் வந்து மறுபடி ஆறையும் கழற்றும்போது அதற்கு வேலை இருக்கும்.